துண்டு தராத ஊரில் பத்து நாள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. ஏழாவது, செத்துப்போன என் தங்கையின் பிள்ளை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், ஆறுதலாக எழுதுவேன். பெருவிரல் வைத்தது கிடையாது. என் கையெழுத்தை நானே போடுவேன். இந்தக் கொப்பியை நிரப்ப ஒரு மாரிகாலம் முழுவதும் சென்றது. எங்கள் பக்கத்திலிருந்து தனியாக இந்தியாவுக்குப் போகிற பெண்களுக்காக எழுதுகிறேன். நான் விட்ட பிழையை அவர்கள் விட வேண்டாம்.

பிழையைச் சொல்வதற்கு முதல் பையைச் சொல்ல வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கம், முரசுமோட்டையில் எங்கள் வீட்டு அலுமாரியில் யூரியாப் பையை வெட்டித் தைத்த சின்னப் பை ஒன்று இருந்தது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், என் கலியாணப் பதிவு, குடும்ப அட்டை எல்லாம் அதற்குள். ஓடிய ஓட்டங்களில் ஆட்டை விட்டோம், நெல்லு மூட்டையை விட்டோம், கதவையும் கழற்றாமல் விட்டோம். அந்தப் பையை விடவில்லை. நந்திக்கடலைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்தபோது தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு கடந்தேன். ஒரு சொட்டு நனையவில்லை.

அந்தப் பைக்குள் என் இரண்டாவது மகள் புஸ்பத்தின் பிறப்புப் பத்திரமும் இருந்தது. பதினெட்டு வயதில், கலியாணம் முடித்த கையோடு, மாமன் மாமியோடு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவள். அவசரத்தில் பத்திரம் என்னிடமே நின்றுவிட்டது. முப்பது வருசத்துக்கு மேல் அங்கே ஓர் அகதி முகாமில் இருக்கிறாள். புருசன் செத்துவிட்டான். இரண்டு பிள்ளைகளும் அங்கே பிறந்தவை. இந்த நாட்டுக் காகிதமும் இல்லை, அந்த நாட்டுக் காகிதமும் இல்லை. அவள் ஊருக்குத் திரும்புவதென்றால் முதலில் அவள் இங்கே பிறந்தவள் என்று காட்ட வேண்டும். கச்சேரியில், எங்கள் அரசாங்க அலுவலகத்தில், கேட்டோம். அந்த வருசத்துப் புத்தகம் சண்டையில் அழிந்துவிட்டது என்று எழுதித் தந்துவிட்டார்கள். ஆகவே அவள் பிறந்ததற்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு தாள்தான்.

"அம்மா, போனில படம் எடுத்து அனுப்புங்கோ. பிறகு ஒறிஜினலைப் பாப்பம்" என்றாள் புஸ்பம்.

"படத்தைக் காட்டி ஆர் நாடு குடுப்பான்? நானே கொண்டு வந்து உன்ரை கையிலை தாறன்" என்றேன்.

என் பேத்தி துளசியும் கேட்டாள். "அப்பம்மா, எல்லாத்தையும் ஒருக்கா விரியுங்கோ. ரெண்டு நிமிசத்தில எடுத்துப் போடுவன்."

விடவில்லை. தாள்களை விரித்தால் ஒன்று பறக்கும், ஒன்று இடம் மாறும். பிரித்த வீடுகளில்தான் காகிதம் தொலைந்தது என்று எனக்கு ஒரு எண்ணம். மருமகள் "ஒண்டை மட்டும் கொண்டு போங்கோ மாமி" என்றதையும் கேட்கவில்லை. காணிப் பத்திரத்தை மட்டும் மூத்தவன் பறித்து எடுத்து வைத்துக்கொண்டான். மிச்சப் பையோடு புறப்பட்டேன். ஒருவருக்கும் பாஸ்போட் இல்லை, விதைப்புக் காலம் வேறு. தனியாகத்தான் போனேன்.

விமான நிலையத்தில் முத்திரை குத்துகிற அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். பின்னால் நின்ற பெண் சொன்னாள்: "இந்த வயதில் தனியாகவா போகிறீர்கள், வீட்டில் ஆண்கள் இல்லையா என்று கேட்கிறார்."

"இருக்கினம். அவையை விட எனக்குத்தான் வழி தெரியும் எண்டு சொல்லுங்கோ பிள்ளை" என்றேன். அவள் என்ன சொன்னாளோ, அவர் சிரித்தபடி குத்திவிட்டார்.

முதல் நாள் நான் கெட்டிக்காரியாகவே இருந்தேன். சென்னையில் வெளியே வந்ததும் மூன்று ஓட்டோக்காரர் சூழ்ந்தார்கள். பஸ் எடுக்கிற இடம் வெகு தூரம் என்றார்கள். ஒருவன் என் பெட்டியைத் தூக்கியே விட்டான். பெட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சீருடை போட்டு நின்ற பெண் பொலிஸைப் போய்க் கேட்டேன். தெருவைக் கடந்தால் பஸ் என்றாள். காசு மாற்றித் தாறேன் என்று காதுக்குள் சொன்னவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. போனுக்குச் சிம் காட் விற்றவன் இரண்டு மடங்கு விலை கேட்டான். பக்கத்துக் கடையில் வாங்கினேன். இவங்கள் என்னை ஏமாற்ற இன்னும் படிக்க வேண்டும் என்று மனதுக்குள் பெருமை.

புஸ்பத்தின் முகாம் இருக்கிற ஊர் அங்கிருந்து அரை நாள் ஓட்டம். அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே நல்ல சனமும் இருக்கிறது.

பஸ்ஸில் என் இடம் வந்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி "இறக்கம்!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் தரம் கத்த, கண்டக்டர் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அதற்குள் பஸ் ஒரு பாலத்தையும் தாண்டிவிட்டது. வெயிலுக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

முகாமுக்குள் வெளியாட்கள் தங்க முடியாது. வெளியே அறை எடுக்க வேண்டும். முதல் லொட்ஜில் பாஸ்போட்டின் மட்டையைக் கண்டதுமே "சிலோனா? ரூம் இல்லம்மா" என்றார்கள். அறைத் திறப்புகள் ஆணிகளில் வரிசையாகத் தொங்குவது எனக்குத் தெரிந்தது. இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவது லொட்ஜ்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். என் பாஸ்போட்டை வாங்கி, விசாப் பக்கத்தோடு படம் எடுத்து, கொம்பியூட்டரில் தட்டி, உடனே திருப்பித் தந்தார்.

"வெளிநாட்டுக்காரங்க தங்கினா நாங்க ஒரு நாளைக்குள்ள பதியணும் பாட்டி. பதிஞ்சாச்சு. போய்ப் படுங்க."

நான் அங்கேயே நின்றேன். "துண்டு?"

"என்ன துண்டு?"

"பதிஞ்சதுக்குத் துண்டு. சைன் வைக்கிற புத்தகம்?"

"அதெல்லாம் இல்ல பாட்டி. எல்லாம் நெட்டுல போயிடும்."

அன்றைக்கு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. வன்னியில் என் வாழ்க்கையில் பாதி பதிவில் போனது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பதிவு, முகாமில் பதிவு, மீளக் குடியேறப் பதிவு, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தங்கினால் பதிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, கையில் ஒரு காகிதத் துண்டு. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு நம்பர்த் தகரம் தருவார்கள்; திரும்பி வரும்போது தகரத்தைக் கொடுத்து அட்டையை எடுப்போம். துண்டு இல்லாதவர்கள் வெயிலில் தனி வரிசையில் நின்றதைப் பார்த்தவள் நான். அந்த வரிசையில் நின்ற சிலரைப் பிறகு காணவேயில்லை. துண்டு தராத பதிவை எப்படி நம்புவது?

இரண்டாம் நாள் காலை இட்டலி சாப்பிட்டேன். பஞ்சு மாதிரி நல்ல இட்டலிதான், ஆனால் சாம்பாரில் இனிப்பு. உறைப்பாய்ச் சம்பல் ஒரு கரண்டி கிடைத்திருந்தால் இன்னும் இரண்டு இறங்கியிருக்கும். வெறுந்தேத்தண்ணி கேட்டேன்; பாலை ஊற்றிவிட்டுத்தான் "என்ன கேட்டீங்க?" என்றார்கள்.

சாப்பிட்டு வர, லொட்ஜ் வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். சட்டை வெளியே விட்டிருந்தது, வாயில் வெற்றிலை.

"நீங்கதான் இலங்கையிலிருந்து வந்த பாட்டியா? ஸ்டேஷன்ல இருந்து வரேன். யாரைப் பாக்க வந்தீங்க?"

"உங்கட அட்டையைக் காட்டுங்கோ."

பொக்கற்றைத் தட்டிப் பார்த்தார். "அட்டை வீட்டுல இருக்கு பாட்டி."

"அப்ப வீட்டை போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. சட்டையை உள்ள விடத் தெரியாத பொலிஸை நான் எங்கட ஊரிலை கண்டதில்லை."

அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். "உங்க பேரு பதிவுல வந்திடுச்சு, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எல்லாம் சரியா இருக்கு. பாஸ்போர்ட்டை மட்டும் யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க." அவ்வளவுதான். போய்விட்டார். அவரும் துண்டு தரவில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுத இந்தக் கொப்பியை நாலு நாள் மூடி வைத்திருந்தேன்.

தேத்தண்ணிக் கடைக்குப் போய், சனத்துக்கு நடுவில் சத்தமாகக் கேட்டேன்: "வெளிநாட்டாக்கள் பதியிற கந்தோர் எங்கை இருக்கு?"

கடைக்காரி "நீங்க கேரளாவா பாட்டி?" என்றாள். ஆனால் மூலையிலிருந்த ஒருவருக்கு என் பேச்சு விளங்கிவிட்டது. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. எழும்பி வந்து, "அம்மா, இங்க உட்காருங்க. இன்னும் பதியலையா? உங்க மாதிரி பெரியவங்களை அலைய விடக்கூடாது, நானே பதிஞ்சு தர்றேன்" என்றார். தோள் பையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்று வந்தது. மைப்பெட்டி வந்தது. முத்திரை வந்தது. கோடு போட்ட பக்கத்தில் என் பெயரை, தகப்பன் பெயரை, ஊரை ஆறுதலாக எழுதினார். கையெழுத்து வைக்கச் சொன்னார். நான் வைத்த கையெழுத்துக்கு மேல் டக்கென்று முத்திரை விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் என் நெஞ்சு ஆறியது.

"ஒரிஜினல் எல்லாம் சரிபார்க்கணும் அம்மா. நாளைக்குத் திருப்பித் தந்துடுவோம்" என்றார். பதிவுக் காசும் கேட்டார். கொடுத்தேன். பாஸ்போட்டும் பைக்குள்ளேதான் இருந்தது. பையை அப்படியே கொடுத்தேன்.

அவர் எனக்கு ஒரு நம்பர்த் தகரம் தந்தார்.

அன்று நல்ல நித்திரை கொண்டேன்.

மூன்றாம் நாள் முகாமுக்குப் போனேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையோடு ஒரு பெண் நின்றாள். என் மாமியார் ஒருகாலத்தில் நின்ற மாதிரி, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு. அது புஸ்பம் என்று எனக்கு உடனே தெரியவில்லை. அவள்தான் முதலில் கூப்பிட்டாள்.

"அம்மா! சாப்பிட்டீங்களா?"

போனில் எங்கள் தமிழ் கதைப்பவளின் பேச்சும் அங்கே அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. நான் "ஓம்" என்றேன்.

உள்ளே போகப் புத்தகத்தில் எழுத வேண்டும். வாசலில் இருந்தவர் பாஸ்போட் கேட்டார். நான் நிமிர்ந்து நின்று தகரத்தை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா? மார்க்கெட் சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன். சைக்கிள்ல வந்தீங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. புஸ்பமும் சிரிக்கவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"அம்மா, பை எங்கை?"

இந்த முறை எங்கள் ஊர்த் தமிழ் வந்தது.

அன்றைக்கு முகாமில் ஆள் எண்ணுகிற நாள். தன் பெயர் கூப்பிடும் வரைக்கும் அவள் வெளியே வர முடியாது. மத்தியானம் வரைக்கும் வேப்ப மரத்துக்குக் கீழே குந்தியிருந்தேன். பிறகு புஸ்பம் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"ஏனம்மா குடுத்தனீங்கள்?"

"பதிவெண்டு சொன்னான். நான் எத்தினை இடத்திலை குடுத்தனான் பிள்ளை. எல்லா இடத்திலையும் திருப்பித் தந்தவங்கள்."

"படம் எடுத்து அனுப்பச் சொன்னனான்."

"ஓம். சொன்னனி."

இரண்டு பேரும் பொலிசுக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் சட்டையை வெளியே விட்ட அதே மனிதர். இந்த முறை அட்டை கழுத்தில் தொங்கியது. நான் தலையைக் குனிந்தேன். நான் அப்படிக் குனிந்ததைப் பார்த்தவர்கள் குறைவு.

அவர் சீண்டவில்லை. ஒரேயொரு தரம், "பாட்டி, என்கிட்ட அட்டை கேட்ட மாதிரி அவன்கிட்டயும் கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேக்கேல்லை தம்பி. அவனிட்டை முத்திரை இருந்தது."

தேத்தண்ணி வாங்கித் தந்தார். அதற்கும் பால்தான். பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னார். தங்குகிற இடத்துக்காரர்தான் பதிய வேண்டும். பாஸ்போட்டைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும். தேத்தண்ணிக் கடையில் இருந்து ஒருவரும் பதிவதில்லை. "நீங்க வந்த அன்னிக்கே பதிவாயிடுச்சு பாட்டி. பதியாத ஒரு நிமிஷம்கூட நீங்க இந்த ஊர்ல இல்ல."

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்தோம். தெரிந்த கள்ளன்தான் என்றார்கள், ஆள் வீட்டில் இல்லை. புஸ்பம் சோறு கட்டிக்கொண்டு வருவாள். வெள்ளை அரிசி, புளிக்குழம்பு. குழம்பில் மட்டும் எங்கள் வீட்டு வாசம் இருந்தது. முப்பது வருசத்துக் கதை இருக்கிறதென்று நினைத்துத்தான் போனேன். வாங்கில் இருந்து நாங்கள் வெயிலைப் பற்றியும் என் முழங்காலைப் பற்றியும் கதைத்தோம்.

ஆறாம் நாள் பாஸ்போட் வந்தது. லொட்ஜ் வாசலில் ஒரு பேப்பருக்குள் சுற்றி எறிந்திருந்தது. அதை வைத்திருந்தால் தனக்கு ஆபத்து என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மிச்சத்தை எங்கே எறிந்தான் என்று தேடி, ஏழாம் நாள் சந்தைக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையில் பையைக் கண்டுபிடித்தார்கள். பழைய காகிதம், ஒருவருக்கும் உதவாது என்று எறிந்திருக்கிறான்.

யூரியாப் பை கிழியவில்லை. வாய் கட்டாமல் எறிந்ததால் தண்ணீர் உள்ளே போயிருந்தது. லொட்ஜ்காரர் மொட்டை மாடியில் வேட்டி ஒன்றை விரித்துத் தந்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயப் போட்டோம். துளசி கேட்டபோது இரண்டு நிமிசம் விரிக்க மாட்டேன் என்ற தாள்கள் ஒரு பகல் முழுவதும் அந்நிய ஊர் வெயிலில் விரிந்து கிடந்தன.

மற்றப் பிள்ளைகளின் பத்திரங்கள் தப்பின. அவை பிறகு எடுத்த அச்சுப் பிரதிகள். புஸ்பத்தினுடையது அந்தக் காலத்தில் மைப் பேனாவால் எழுதியது. பிள்ளையின் பெயர் இருந்த இடம் முழுவதும் நீலமாக ஊறிப்போய்க் கிடந்தது. பிறந்த இடமும் போய்விட்டது. தாயின் பெயர் மட்டும் வாசிக்கலாம்.

புஸ்பம் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு நாலாய் மடித்து என் கையில் தந்தாள்.

"உங்கட பேர்தானே கிடக்கு. நீங்களே வச்சிருங்கோ."

கோபத்தில் சொன்னாளோ, ஆறுதலுக்குச் சொன்னாளோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் முகாமுக்குள் போனேன். பாஸ்போட்டைக் காட்டி, புத்தகத்தில் என் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் "தாய்" என்று எழுதினேன். பத்தடி அறை ஒன்று. மேலே தகரம். மூத்த பேரன் பெயின்ற் வேலைக்குப் போகிறான். இளையவள் நன்றாகப் படிக்கிறாள். அவள் என்னைக் கேட்டாள், "பாட்டி, கிளிநொச்சி எப்படி இருக்கும்?" இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் வருகிற விதத்தைச் சொன்னேன். புஸ்பம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் புறப்பட்டேன். புஸ்பம் கம்பிக் கதவு வரைக்கும் வந்தாள். "கவனமாப் போங்கோ. ஒருத்தரிட்டையும் ஒண்டும் குடாதேங்கோ" என்றாள்.

திரும்பி வந்த கிழமையே ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரிடம் போனேன். வேறு வழி இருக்கிறது, ஆனால் நீளமான வழி என்றார். பிறந்ததை அறிந்த ஆட்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். பெற்ற தாய் இருந்தால் தாயின் எழுத்தும் வேண்டும். பிள்ளை பெறுவித்த ஆஸ்பத்திரி மருத்துவிச்சி செத்துப் பல வருசம். பக்கத்து வளவுக்காரர் இப்போது ஜெயபுரத்தில் மகளோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். கதிரையில் இருத்தியிருந்தார்கள். "புஸ்பமோ? எந்தப் புஸ்பம்?" என்று என்னையே கேட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

இனி அவள் பிறந்ததற்கு மிச்சமிருக்கிற புத்தகம் நான்தான். அதற்கும் எழுபத்து நான்கு வயது. அதனால்தான் அவசரமில்லாத நான் இந்த மாரி முழுவதும் அவசரப்பட்டு எழுதினேன். பயணக் கதையோடு அதையும் எழுதி வைக்கிறேன்: என் இரண்டாவது பிள்ளை புஸ்பம், கிளிநொச்சி ஆஸ்பத்திரியில், நெல்லு வெட்டு முடிந்த மாசம், ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் பிறந்தாள். கொடி சுற்றிப் பிறந்து, கொஞ்ச நேரம் சென்றுதான் அழுதாள். நான் கேட்டேன்.

துளசி, இங்கை வா பிள்ளை. அந்தப் போனையும் கொண்டு வா. முதல்லை ஒவ்வொரு பக்கமாப் படம் எடு. நான் விரிச்சுப் பிடிக்கிறன். எடுத்து மாமிக்கு அனுப்பு. பிறகு கடைசிப் பக்கத்திலை இருந்து சத்தமா வாசி. அவளின்ரை பேரைச் சரியா எழுதியிருக்கிறனோ எண்டு பாப்பம்.